அறிவிப்பு வந்தது சரி, ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா?

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் பதில் சொல்பவர், 1978 முதல் 1999 வரை சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக வேலை பார்த்த சிங்கப்பூர், தோ பாயோ வாசி.

கேள்வி: என் மகன் உயர்நிலை மூன்று படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் மடிக்கணினியில் உலக வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கடல்மேல் சிவப்புப் பெட்டிகளாக வரைகிறான். என்னவென்று கேட்டால், “அடுத்த ஏவுகணைச் சோதனை எங்கே என்று பார்க்கிறேன்” என்கிறான். இந்த மாதிரி விஷயமெல்லாம் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பின்னால் ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. (செங்காங் வாசகி)

பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் மகன் படிப்பது எல்லாரும் படிக்க வேண்டும் என்றே வெளியிடப்படும் எச்சரிக்கைகளை. நான் 21 வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையில் பாதி இதுதான். அவன் ஆசைக்காகச் செய்கிறான். எனக்கு அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு நாடு கடலுக்கு மேலே ராக்கெட்டையோ ஏவுகணையையோ ஏவினால், கழன்று விழும் பாகங்கள் எங்கேயாவது விழத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அங்கே விமானமும் கப்பலும் இருக்கக் கூடாது. அதனால் இரண்டு வழியில் சொல்வார்கள். விமானிகளுக்குப் போகும் அறிவிப்புக்குப் பெயர் ‘நோட்டாம்’. நம்முடைய ‘நோட்டம்’ மாதிரியே ஒலிக்கும், வேலையும் கிட்டத்தட்ட அதுதான். கப்பல்களுக்குத் தனி ஏற்பாடு. உலகக் கடல்களை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர் இருப்பது 11ஆம் பகுதி, பொறுப்பு ஜப்பானுடையது. வங்காள விரிகுடா 8ஆம் பகுதி. அதற்கான எச்சரிக்கைகள் கடலே இல்லாத டேராடூனிலிருந்து வருகின்றன, ஏனென்றால் இந்தியாவின் கடல் வரைபட அலுவலகம் அங்கேதான் இருக்கிறது.

அந்த எச்சரிக்கையில் கதை எதுவும் இருக்காது. தேதி, நேரம், நான்கைந்து மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, ‘ஆபத்தான செயல்பாடு’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ‘ஏவுகணை’ என்ற சொல்லைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. அந்த மூலைகளை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டால் வருவதுதான் உங்கள் மகனின் சிவப்புப் பெட்டி.

இனிமேல்தான் சுவாரசியம். ஒரே ஒரு சின்னப் பெட்டி கரையை ஒட்டி இருந்தால், அது பீரங்கிப் பயிற்சியாக இருக்கலாம், சின்ன ராக்கெட்டாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று பெட்டிகள் வெகுதூரம் தள்ளித் தள்ளி ஒரே வரிசையில் நின்றால், அது அடுக்கு அடுக்காகக் கழன்று விழும் பெரிய ராக்கெட். முதல் பெட்டி முதல் அடுக்குக்கு, அடுத்தது இரண்டாவதற்கு, கடைசிப் பெட்டி முனைப்பகுதி விழும் இடம். இவற்றை இணைக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் ஏவும் இடம் வந்துவிடும். தட்டையான வரைபடத்தில் அந்தக் கோடு வளைந்து தெரியும். பூமி உருண்டை என்பதால் உருண்டையின்மேல்தான் நேர்கோடு போட வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள், நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

2024 செப்டம்பர் 25 அன்று சீனா ஒரு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைத் தென் பசிபிக்கில் விழும்படி ஏவியது. 1980க்குப் பிறகு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதற்கு முன்பே ஜப்பான் கடலோரக் காவல் படைக்கு சீனாவிடமிருந்து ஓர் எச்சரிக்கை போயிருந்தது. மூன்று இடங்களில் ‘விண்வெளிக் கழிவுகள்’ விழும் என்று மட்டும் சொன்னது அது. தென்சீனக் கடலில் ஒன்று, பிலிப்பீன்ஸின் லூசோன் தீவுக்கு வடக்கே ஒன்று, தென் பசிபிக்கில் ஒன்று. சொல் என்னவாக இருந்தாலும், மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதைப் பெட்டி போட்டுப் பார்க்கிறவன் கண்டுகொள்வான்.

நேரத்தில் கவனம் வேண்டும். எல்லாமே உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னே. அறிவிப்பில் 0400 என்றிருந்தால் நமக்கு நண்பகல், இந்தியாவில் காலை 9.30. பழைய குறிப்புகளைப் படித்தால் இன்னும் கவனம் தேவை: 1981 கடைசி வரை சிங்கப்பூர் ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. 1982 வருடப் பிறப்பன்று எங்கள் கப்பல் கடிகாரத்துக்கும் வீட்டுக் கடிகாரத்துக்கும் இருந்த கணக்கு மாறிப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெளியான அறிவிப்பை வரைபடத்தில் போடுவதில் தவறே இல்லை. இங்கே முகாம் வேலிக்குப் பக்கத்தில் நின்று கேமராவை நீட்டுவது முற்றிலும் வேறு விஷயம். நான்கு மொழியிலும் எழுதி, சிப்பாய் படம் போட்ட பலகை எதற்கு இருக்கிறது என்று அவனுக்கு விளக்கிவிடுங்கள்.

கேள்வி: விண்வெளிக்குப் போன ராக்கெட் ஏன் திரும்பி விழுகிறது? போனால் சுற்றிக்கொண்டே இருக்காதா? என் தாத்தா தும்பாவில் ராக்கெட் பார்த்ததாகச் சொல்வார். அதுவும் இந்த வகைதானா? (உட்லண்ட்ஸ், தொடக்கக்கல்லூரி மாணவி)

உயரம் வேறு, வேகம் வேறு. 100 கிலோமீட்டர் உயரம் போய்த் தொட்டுவிட்டு வர, விநாடிக்குச் சுமார் 1.4 கிலோமீட்டர் வேகம் போதும். பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க விநாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேண்டும், அதுவும் பக்கவாட்டில். வேகத்தில் அஞ்சரை மடங்கு என்றால், ஆற்றலில் முப்பது மடங்கு. சுற்றுப்பாதைக்குப் போகாமல் ஏறி இறங்குகிற இந்த வகையில்தான் ஏவுகணையும் வருகிறது, உன் தாத்தா பார்த்த ஆய்வு ராக்கெட்டும் வருகிறது. ஒன்று குண்டைச் சுமக்கும், மற்றது கருவியைச் சுமக்கும். மேலே போகும் பாதை இரண்டுக்கும் ஒன்றுதான். இதை மறக்காதே, அடுத்த கேள்விக்கு இது வேண்டும்.

தாத்தா கொடுத்துவைத்தவர். 1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பா என்ற மீனவ ஊரிலிருந்து, அமெரிக்கா கொடுத்த நைக் அப்பாச்சி ராக்கெட் சுமார் 200 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறியது. இந்திய மண்ணிலிருந்து விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் அது. மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. கீழே இருட்டத் தொடங்கிவிட்டது, மேலே இன்னும் வெயில் இருந்தது. அந்த வெயிலில் ஆவி ஆரஞ்சு மேகமாக ஒளிர்ந்தது. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் அந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று தெரிந்துவிடும். ராக்கெட்டை வைத்து வேலை செய்ய அந்த ஊர் மக்கள் தங்கள் மரிய மக்தலேனா தேவாலயத்தையே கொடுத்தார்கள். அந்தக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

ஏன் தும்பா? பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், வானத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. பலூன் 40 கிலோமீட்டருக்கு மேல் ஏறுவது அபூர்வம். செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகப் பறந்தால் காற்றில் சிக்கி விழுந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த இடத்துக்கு ஆய்வு ராக்கெட்டை விட்டால் ஆளில்லை.

இந்த ராக்கெட்டுக்கு ‘சவுண்டிங் ராக்கெட்’ என்று பெயர். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பதற்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. நம் கடற்கரைக்காரர்கள் ‘பத்து பாகம் தண்ணி’ என்று அளப்பார்களே (விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம்), அதே வேலை. கடலில் கீழே இறக்கியதை இங்கே வானத்தில் மேலே ஏற்றுகிறார்கள். மீனவர் ஊரிலிருந்து அது தொடங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு நிறைகிறது.

கேள்வி: ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே ஊருக்குச் சொன்னால் எதிரி தெரிந்துகொள்ள மாட்டானா? ராணுவ ரகசியம் என்று ஒன்று இல்லையா? தேசிய சேவையில் இருந்தபோது, வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். (பிடோக் வாசகர்)

எதிரிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான் தம்பி சொல்கிறார்கள். நான் ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1995 ஜனவரி 25. நார்வேயின் ஆண்டோயா தீவிலிருந்து ஓர் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. துருவ ஒளியை ஆராய்வதுதான் அதன் வேலை. பெயர் பிளாக் பிராண்ட் 12. அந்தத் தீவில் 1962 முதல் ராக்கெட் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் இது அதுவரை விட்டவற்றை எல்லாம்விடப் பெரியது. ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர் உயரம் போனது. ரஷ்ய ரேடாரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிய அமெரிக்க ட்ரைடன்ட் ஏவுகணை மாதிரித் தெரிந்தது. பாதை ஒன்றுதான் என்று சொன்னேனே, அதனால்தான். தகவல் மேலே மேலே போய், ரஷ்ய அதிபர் யெல்ட்சினிடம் இருக்கும், அணு ஆயுதத்தை ஏவ உத்தரவு கொடுக்கும் கைப்பெட்டி திறக்கும் வரை விஷயம் வந்துவிட்டது. சில நிமிடங்களில் ராக்கெட் ரஷ்யா பக்கம் வரவில்லை என்று தெரிந்தது. கிளம்பி 24 நிமிடத்தில் அது ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுப் பக்கம் விழுந்தது.

இப்போது இதைக் கேளுங்கள். நார்வே சொல்லாமல் ஏவவில்லை. சில வாரங்களுக்கு முன்பே ரஷ்யா உட்படப் பல நாடுகளுக்கும் எழுதியிருந்தது. கடிதம் மாஸ்கோவுக்குப் போயிருக்கிறது. ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குப் போகவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு ஆறு வருடம் முன்னால் நான் அதே தப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

1989 ஏப்ரல். பாரதீப்பில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வழியாக ஜப்பான் போகும் கப்பல். அப்போது எல்லாம் மோர்ஸ்தான், குறில் நெடில் ஒலிகளாக எழுத்துகளைத் தட்டி அனுப்பும் முறை. ரேடியோ அறைக் கடிகாரத்தில் 15ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45லிருந்து 48 வரையும் சிவப்பு வண்ணம் அடித்திருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது, ஆபத்தில் இருப்பவன் குரல் கேட்கட்டும் என்று. எச்சரிக்கை வருவதற்கு முன்னால் மூன்று ‘டி’ (T) எழுத்து வரும்: டா, டா, டா. அதைக் கேட்டதும் பென்சிலை எடுத்துவிட வேண்டும். அன்று நான் எடுத்தது வங்காள விரிகுடாவில் ஒரு பெரிய பெட்டி, ‘ஆபத்தான செயல்பாடு’, மூன்று நாள். தட்டச்சு செய்து மேலே கப்பலை ஓட்டும் அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கையெழுத்தும் வாங்கினேன். என் வேலை முடிந்தது என்று கீழே வந்துவிட்டேன்.

ராத்திரி டீ குடிக்க மேலே போனவன், ஏதோ தோன்றி வரைபட மேசையைப் பார்த்தேன். பெட்டியைக் காணோம். காகிதம் கோப்பில் அழகாகக் குத்தியிருந்தது. காவல், அதாவது கப்பலை ஓட்டும் அதிகாரியின் பணிமுறை, மாறுகிற நேரத்தில் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார், வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பாதைக் கோடு அந்தப் பெட்டியின் தென்மேற்கு மூலையை வெட்டிக்கொண்டு போனது. கேப்டனை எழுப்பினோம். மனுஷர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பென்சிலை என் கையில் கொடுத்து, “மார்க்கோனி சாப், நீங்களே வரையுங்கள்” என்றார். இந்திய மாலுமிகள் ரேடியோ அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு பாதையைத் திருப்பி, விடிய விடியச் சுற்றிக்கொண்டு போனோம்.

சிங்கப்பூர் வந்து தேக்காவில் பேப்பர் வாங்கிப் படித்தபோதுதான், இந்தியா அக்னி ஏவுகணையின் முதல் சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஏப்ரல் 20 அன்று ஏவ இருந்ததைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். மே 1 அன்றும் நிறுத்தினார்கள். மே 22 அன்று சண்டிப்பூரிலிருந்து அது பறந்தது. ஆக, நாங்கள் பயந்து விலகிய அந்த மூன்று நாளில் கடலில் ஒரு துரும்பும் விழவில்லை. ஆனாலும் கோப்பில் குத்தியிருந்த அந்தக் காகிதம் இன்னும் என் கண்முன்னால் நிற்கிறது.

ரகசியம் எது என்று கேட்டீர்கள். முனையில் என்ன வைத்திருக்கிறார்கள், எவ்வளவு துல்லியமாக விழுந்தது என்பதெல்லாம் ரகசியம்தான், அதை யாரும் சொல்வதில்லை. ‘இன்றைக்கு இந்தப் பக்கம் வராதே, இது போர் அல்ல’ என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவும் சோவியத்தும் பனிப்போர்க் காலத்திலேயே, 1988 மே மாதம், 24 மணி நேரம் முன்னதாகச் சொல்வது என்று கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் அப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன, குறைந்தது மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும். எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் இதை இரண்டு பேருமே தேவை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2002 நவம்பரில் ஹேக் நகரில் பல நாடுகள் சேர்ந்து ஒரு நடத்தை நெறியை ஏற்றன. அதில் சேர்ந்த நாடுகள் அனுப்பும் முன்னறிவிப்புகளை வியன்னாவில் தொகுக்கிறார்கள். இந்தியா 2016இல் சேர்ந்தது. சீனா சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: வடகொரிய ஏவுகணை 7,000 கிலோமீட்டர் உயரம் போனதாகச் செய்தி. ஆனால் 1,000 கிலோமீட்டர் தூரத்திலேயே விழுந்துவிட்டதாம். அப்படியென்றால் தோல்விதானே? (ஈசூன் வாசகர்)

இல்லை ஐயா. ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் தூரம் போகும், நிமிர்த்திப் பிடித்தால் உயரம் போய்த் தலையிலேயே விழும். வேகம் ஒன்றுதான். 2024 அக்டோபர் 31 அன்று ஏவிய ஹ்வாசாங் 19 ஏறக்குறைய 7,700 கிலோமீட்டர் உயரம் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து, சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. அதையே சாய்த்து விட்டிருந்தால் கண்டம் தாண்டியிருக்கும். ஜப்பானைத் தாண்டாமல் சோதிக்க அவர்கள் கண்ட வழி அது. அவர்களுடைய ஏவுகணைச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடையாது. பின்தொடர்பவர்கள் ஏவிய பிறகு ஜப்பானும் தென்கொரியாவும் சொல்லும் உயரம், தூரம், நேரம் மூன்றையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மூன்றில் இரண்டு தெரிந்தாலே மூன்றாவது சரியா என்று பார்த்துவிடலாம்.

இதில் நமக்கும் சம்பந்தம் இருந்தது. 2017இல் அடுத்தடுத்து இந்தச் சோதனைகள் நடந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சோல்–லாஸ் ஏஞ்சலிஸ் விமானப் பாதையையே மாற்றிக்கொண்டது. அறிவிப்பு இல்லாதபோது, விலகி இருப்பதைத் தவிர வேறு வழி என்ன?

கேள்வி: சென்னையிலிருந்து திரும்பும்போது ‘வான்வெளி மூடல்’ என்று சொல்லி எங்கள் விமானத்தை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். ராக்கெட்டாக இருக்குமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

இருக்கலாம் அம்மா. ஸ்ரீஹரிகோட்டா சென்னைக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். ஒடிசா கரையிலிருந்து தெற்கே போகும் நீண்ட தூரச் சோதனைப் பாதையையும் சென்னை–சிங்கப்பூர் வழி குறுக்கே கடக்கிறது. பயணத் தேதி இருந்தால் அன்றைய நோட்டாமோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், எழுதி அனுப்புங்கள். இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2025 ஜனவரியில், ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் பாகங்கள் தென் இந்தியப் பெருங்கடலில் விழுவதால், சிட்னி–ஜோகன்னஸ்பர்க் விமானங்களைக் குவாண்டாஸ் தாமதப்படுத்த வேண்டியிருந்தது.

கேள்வி: 2022இல் கூச்சிங் பக்கம் வானத்தில் தீப்பிழம்பு மாதிரி ஏதோ போன வீடியோ இன்னும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ‘ஏவுகணைத் தாக்குதல்’ என்று சுற்றுகிறது. (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

அது ஏவுகணை இல்லை. 2022 ஜூலை 31 அதிகாலை, நம் நேரப்படி முக்கால் மணி நேரம் நள்ளிரவைத் தாண்டி, சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பெரிய உடல்பகுதி சுற்றுப்பாதையிலிருந்து கீழிறங்கி எரிந்தது. விண்கல் என்றால் ஓரிரு விநாடியில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இது நிதானமாக, துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரே திசையில் ஊர்ந்து போகும். குடும்பக் குழுவில் இதைப் போட்டுவிடுங்கள். வயதானவர்கள் பயந்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி: அம்மா எழுதியது எனக்குத் தெரியும். நான் இதுவரை 14 பெட்டிகள் வரைந்திருக்கிறேன். அதில் 5 இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அவற்றை அழித்துவிடலாமா? (செங்காங், உயர்நிலை மூன்று)

அழிக்காதே தம்பி! ஜொனாதன் மெக்டவல் என்ற வானியற்பியலாளர் 1989 முதல் உலகத்து ராக்கெட்டுகளைப் பற்றிய செய்தி மடல் நடத்துகிறார். சுற்றுப்பாதைக்குப் போகாதவற்றையும் விடாமல் பட்டியல் போடுகிறவர். அவருடைய பட்டியலில் ஒவ்வொரு வரியையும் பார், தேதி, நேரம், இடம், உயரம் என்று எவ்வளவு பொறுமை என்று தெரியும். நீயும் ஒரு நோட்டு போடு. அறிவிப்பு வந்த தேதி ஒரு கட்டம், பெட்டியின் மூலைகள் ஒரு கட்டம், என்ன நடந்தது என்பது கடைசிக் கட்டம். அந்த 5 இடத்துக்கும் கடைசிக் கட்டத்தில் ‘ஏவவில்லை’ என்று எழுது. பிறகு அதே மூலைகளோடு வேறு தேதியில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. என்னுடைய 1989 நோட்டில் ஏப்ரல் 20க்கு நேரே ‘இல்லை’, மே 1க்கு நேரே ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு வரியும் இருந்ததால்தான், மே மாதம் மூன்றாவது அறிவிப்பு வந்தபோது எங்கே பெட்டி போட வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த முறை நானே மேலே போய், காவலில் நின்றவர் வரைந்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

உன் 14 பெட்டியையும் தாளில் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பு. நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே எழுது.